நான்கு மூலைகளின் ஏலம்

கதிர் அறுக்கும் டயர் வண்டியில் திரும்புவது பின் சக்கரம். இதை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. காரில் முன் சக்கரம் திரும்பும், உடம்பு அதன் பின்னால் போகும். இந்த வண்டியில் வெட்டும் பற்களும் பாரமும் முன்னால் இருப்பதால், திருப்புகிற வேலையைப் பின்னால் உள்ள சின்னச் சக்கரங்கள் பார்க்கின்றன. எனவே வண்டி இடப்பக்கம் திரும்பினால் அதன் வால் வலப்பக்கம் வீசும். நடு வயலில் வீசினால் ஒன்றுமில்லை. மூலையில் வீசினால் வரப்பில் மோதும்.

அதற்காகத்தான் வண்டி இறங்குவதற்கு முன்பே நான்கு மூலைகளையும் ஆள் வைத்து அரிவாளால் அறுத்துவிடுவார்கள். அப்படி அறுக்காவிட்டால், ஓட்டுநர் மூலையைச் சுற்றி வளைத்துக்கொண்டு போய்விடுவார். நான்கு மூலையிலும் முக்கோணமாகக் கொஞ்சம் கதிர் நின்றுவிடும்.

என் சித்தப்பா மகன் அருள்ஜோதியின் வயலில் அந்தத் தை மாதம் நின்றது இந்த முக்கோணம்தான். அதில் புண்ணியம் எதுவும் இல்லை. நான் எதிர் வரப்பில் நின்று முழுவதையும் பார்த்தேன்.

அருள்ஜோதி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பதினொரு வருடம் இருந்துவிட்டு வந்தவன். அவன் போனபோது ஊரில் அரிவாள்தான் இருந்தது. அவன் திரும்பி வருவதற்குள் இளவட்டங்கள் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போய்விட்டார்கள். ஆத்தூர் பக்கத்திலிருந்து வண்டிகள் வந்துவிட்டன. மூலையை முன்கூட்டி அறுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. வண்டி ஓட்டும் செல்லதுரைக்குத் திருவிடைமருதூர்ப் பக்கம் அடுத்த வயல் காத்திருந்தது. அவர் வளைத்து வளைத்து அறுத்து, நெல்லைக் கொட்டிவிட்டுப் போய்விட்டார். அருள்ஜோதி மூட்டையோடு டிராக்டரில் ஏறிப் போனான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் கீழத்தெரு செவ்வந்தியும் இன்னும் நாலு பெண்களும் வந்தார்கள். முன்பெல்லாம் அறுப்பு முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குவார்கள். வண்டி வந்த பிறகு பொறுக்க ஒன்றுமில்லை. வைக்கோலையும் சேர்த்து நொறுக்கி வீசிவிடுகிறது. அன்று மூலைகளில் முழுக் கதிராக நிற்பதைப் பார்த்து அறுத்துக்கொண்டு போனார்கள். யாரும் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் எல்வின் சாமி பிரசங்கம் வைத்தார். அவர் எங்கள் பங்குக்குக் குருவாக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். மோசே காலத்துச் சட்டம் ஒன்றைச் சொன்னார். வயலை அறுக்கும்போது ஓரம் வரை அறுக்கக் கூடாது, சிந்தியதைப் பொறுக்கக் கூடாது, அது ஏழைக்கும் அயலாருக்கும் உரியது என்று. "உரியது" என்ற சொல்லை இரண்டு தரம் அழுத்திச் சொன்னார்.

"பட்டா உங்க பேர்ல இருக்கலாம். ஆனா பூமி கடவுளோடது. நாம எல்லாரும் குத்தகைக்காரங்க. விளையறது எல்லாரும் சாப்பிடத்தான் விளையுது. அதை நம்ம ஊர்லயே ஒருத்தர் வாயால சொல்லாம வயல்ல செஞ்சு காட்டியிருக்கார்" என்றவர், அருள்ஜோதியின் பெயரைச் சொல்லிவிட்டார்.

கோயிலில் எல்லாத் தலைகளும் திரும்பின. அருள்ஜோதி தரையைப் பார்த்தான். அதுவும் அடக்கம் என்று கணக்காகிவிட்டது.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். சுருள் எரியும்போது முதலில் வார்னிஷ் வாசனை வரும், பிறகுதான் புகை. அந்த வாசனை அப்போது என் மூக்குக்குள்ளேயே வந்தது. கோயில் மைக் செட்டைப் பதினாறு வருடமாக நான்தான் பார்க்கிறேன். சாமி அருள்ஜோதியின் பெயரைச் சொன்னது நான் பற்றவைத்த வயர் வழியாகத்தான் போய் எல்லார் காதிலும் விழுந்தது. என் பெயரை எந்தச் சாமியும் அந்த மைக்கில் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் என் மனைவி மரியபுஷ்பத்துக்குப் பின் சக்கரத்தைப் பற்றி விளக்கினேன்.

"சரி, வண்டி விட்டுச்சு. அதுக்கு என்ன இப்ப?" என்றாள்.

"அவன் விடலை. அதைத்தான் சொல்றேன்."

"அஞ்சு பொம்பளைங்க வீட்ல நெல்லு இருக்கு. யார் விட்டா என்ன?"

"உனக்குப் புரியலை. பின் சக்கரம் திரும்பும்போது…"

"எனக்கு எல்லாம் புரியுது. உங்களுக்கு வயிறு எரியுது. சாப்பிட வாங்க, கொஞ்சம் அடங்கும்."

வயிறு எரிந்தது உண்மைதான். ஆனால் வெறும் பெயருக்காக எரியவில்லை. ஒன்பது மா இருந்தது அதில்.

எங்கள் பக்கத்தில் மூன்று மா ஒரு ஏக்கர். மாதா கோயிலுக்குச் சொந்தமாக ஒன்பது மா நிலம், ஒரே துண்டாக, வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. அதற்கு அடுத்தாற்போல் என் நாலு மா. வாய்க்கால் தண்ணீர் என் வயலுக்கு நேராக வராது. கோயில் வயல் நிறைந்து, அதன் வரப்பில் வெட்டிய மடை வழியாக வழிந்தால்தான் என் வயலில் பாயும். கோயில் வயலைக் குத்தகைக்கு எடுத்தவன் நட்டால் நான் நடலாம். அவன் மடையை அடைத்தால் என் நாற்று காயும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை குத்தகை மாறும். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவனிடம் போய் மடைக்காகத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன். அந்த ஒன்பது மா என் கைக்கு வந்தால் வாய்க்கால் தண்ணீர் என் இஷ்டத்துக்கு வரும். ஆறு வருடமாகக் காத்திருந்தேன். அந்த மாசியில் குத்தகை முடிகிறது. அருள்ஜோதியும் கேட்டிருந்தான்.

இப்போது சாமியின் பிரசங்கம் வேறு. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவை நிலத்தை யாருக்குக் கொடுக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

செவ்வாய்க்கிழமை சாமி வீட்டுக்குப் போனேன். இரண்டு நாற்காலிகளை இழுத்து வரப்பாக வைத்தேன். ஒரு ஸ்டூலை வண்டியாக வைத்து ஓட்டிக் காட்டினேன். திரும்பும்போது ஸ்டூலின் பின்கால் நாற்காலியில் இடித்தது.

"பார்த்தீங்களா சாமி? இதுக்குத்தான் மூலை நின்னுச்சு. அருள்ஜோதி தர்மம் பண்ணலை."

சாமி எழுந்து வந்து ஸ்டூலைத் தானே ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். இடித்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட! அப்ப மெஷினே சட்டத்தைக் காப்பாத்துது!"

நான் எதிர்பார்த்தது இதை அல்ல.

"சாமி, அவன் மனசுல அப்படி ஒரு எண்ணமே இல்லைங்கிறேன்."

"இருக்க வேண்டியதில்லையே. பிச்சை போட்டாத்தான் போடுறவன் மனசைப் பார்க்கணும். மூலை பிச்சை இல்லை, அவங்க பங்கு. உங்க கடைக்கு ஒருத்தர் மோட்டாரை எடுக்க வர்றார். அவர் மோட்டாரை அவர்கிட்ட கொடுக்கிறதுக்கு உங்களை யாராவது வள்ளல்னு சொல்வாங்களா?"

"சொல்ல மாட்டாங்க. அப்ப நீங்க ஏன் அருள்ஜோதி பேரைச் சொன்னீங்க?"

சாமி ஸ்டூலைக் கீழே வைத்தார்.

"அது தப்புதான் அந்தோணிமுத்து. பேரைச் சொல்லியிருக்கக் கூடாது. வர்ற ஞாயிறு திருத்திச் சொல்லிடறேன்."

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றை விளக்க ஆரம்பித்தால் பாதியில் விட எனக்கு வராது. செயின் வண்டி என்று ஒன்று இருக்கிறது, அதற்குச் சக்கரமே இல்லை, இரண்டு பக்கமும் பெல்ட் ஓடும், ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டினால் நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்றும், அதில் மூலையே மிஞ்சாது என்று சொன்னேன். இனி வருவதெல்லாம் அதுதான் என்றும் சொன்னேன்.

"அப்படியா?" என்றார் சாமி. "அப்ப மெஷினை நம்ப முடியாது. எழுதித்தான் வைக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை அவர் திருத்திச் சொன்னார். கூடவே, கோயில் நிலத்துக் குத்தகைத்தாளில் இனி ஒரு வரி சேரும் என்றும் சொன்னார். குத்தகை நெல் வழக்கம்போல இத்தனை மூட்டை என்பது மாறாது. அதற்கு மேல், எந்த வண்டி வந்தாலும் ஒவ்வொரு வயலின் நான்கு மூலையையும் அறுக்காமல் விட வேண்டும்.

அன்று சாயங்காலம் அருள்ஜோதி என் கடைக்கு வந்தான். தோளில் ஒரு பம்புசெட் மோட்டார். எரியாத மோட்டார். ஏதாவது கொண்டுவர வேண்டுமே என்று கொண்டுவந்திருக்கிறான்.

"அண்ணே, சாமி என் பேரைச் சொன்னப்ப எனக்கே வெக்கமா இருந்துச்சு. எழுந்து இல்லைன்னு சொல்லலாமான்னு பார்த்தேன். பூசை நடுவுல எப்படிண்ணே?"

"நான் உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. வண்டியைப் பத்தித்தான் சொன்னேன்."

"தெரியும்ணே. நீங்க வண்டியைப் பத்திச் சொன்னா யாரா இருந்தாலும் கேட்டுத்தான் ஆகணும்." சிரித்தான். "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு ஆள் விட்டு மூலையை அறுத்திருப்பேன்ல?"

நல்ல கேள்வி. நான் ஸ்பேனரைத் தேடுவதுபோலக் குனிந்தேன்.

"உனக்கு எதுக்குடா அந்த ஒன்பது மா? உனக்குத்தான் வாங்கிப் போட்டது கிடக்கே."

"பதினொரு வருசம் இரும்பையே பார்த்தேன்ணே. அப்பா அந்த நிலத்தைக் குத்தகைக்கு ஓட்டினவர். நான் ஏர் பிடிச்சுப் பழகினதே அதுலதான். ஒரு தரம் ஓட்டணும்னு ஆசை." எழுந்தான். "உங்களுக்கு மடையை அடைக்க மாட்டேன்ணே. எழுதிக்கூடத் தர்றேன்."

அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடிக்கவில்லை. அவன் திமிராகப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

குத்தகை பேச மாசி முதல் வாரம் கோயில் மண்டபத்தில் கூடினோம். பேரவை ஆட்கள் ஏழு பேர். மூலை யாருடையதோ அவர்களும் இருக்க வேண்டும் என்று சாமி சொல்லி அனுப்பியதால் செவ்வந்தியும் அந்த நாலு பெண்களும் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் விலகிக்கொள்ள, நானும் அருள்ஜோதியும் மட்டும் பாக்கி.

"மூலைக்கு எத்தனை அடி விடுவீங்கன்னு ரெண்டு பேரும் சொல்லுங்க" என்றார் சாமி. அவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். ஆனால் எங்கள் ஊரில் கோயில் நிலம் என்றால் காலங்காலமாக ஏலம். எண்ணைச் சொல்லச் சொன்னால் எங்களுக்கு வேறு எதுவும் தெரியாது.

அடி என்றால் எது என்று நான் எழுந்து விளக்கினேன். மூலையிலிருந்து ஒரு வரப்பில் இத்தனை அடி, மற்ற வரப்பில் இத்தனை அடி, இரண்டு முனையையும் கயிற்றால் இணைத்தால் வருகிற முக்கோணம். டயர் வண்டி தானாக விடுவது பத்தடி.

"பத்தடி" என்றான் அருள்ஜோதி.

"பன்னிரண்டு" என்றேன்.

"பதினைஞ்சு."

"பதினெட்டு."

சாமி கையை உயர்த்தினார். "இது ஏலம் இல்லை…"

"விடுங்க சாமி, நல்லாத்தானே போகுது!" என்றாள் செவ்வந்தி பின்னாலிருந்து. பெண்கள் சிரித்தார்கள்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். முக்கோணத்தின் அடி இரட்டித்தால் பரப்பு இரட்டிக்காது, நாலு மடங்காகும். கோயில் நிலம் ஒவ்வொன்றும் ஒரு மாவாக ஒன்பது வயல்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு மா என்பது நூறு குழி. மூலைக்குப் பத்தடி விட்டால் வயலுக்கு ஒன்றரைக் குழிகூடப் போகாது. இருபது அடியில் ஐந்தரைக் குழி போகும். முப்பதில் பன்னிரண்டைத் தாண்டும். சொல்கிற எண் மெதுவாக ஏறும், போகிற நிலம் பாய்ந்து ஏறும். இது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகவே எனக்கு ஒரு யோசனை வந்தது. அருள்ஜோதியை முப்பது வரை ஏற்றிவிட்டு நான் விலகிக்கொள்வது. எட்டில் ஒரு பங்குக் கதிரை விட்டுவிட்டுக் கோயிலுக்கு மூட்டையும் அளந்து பார்க்கட்டும். ஒரே வருடத்தில் கையை உதறுவான். அப்போது நிலம் தானாக என்னிடம் வரும்.

"இருபத்திரண்டு" என்றான்.

"இருபத்தஞ்சு."

"அண்ணே, பார்த்துச் சொல்லுங்க."

"நீ பார்த்துச் சொல்லு."

"இருபத்தெட்டு."

"இருபத்தொன்பது" என்றேன். மரியபுஷ்பம் தூணுக்குப் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருள்ஜோதி நெற்றியைத் துடைத்தான். "முப்பது."

இதுதான் நான் நிறுத்த வேண்டிய இடம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். ஆனால் அவன் முப்பது என்றதும் பேரவையில் ஒருவர், "அடடா!" என்றார். அந்தப் பழைய தலைகள் எல்லாம், கோயிலில் திரும்பின அதே மாதிரி, அவன் பக்கம் திரும்பின. வார்னிஷ் வாசனை வந்தது.

"முப்பத்தஞ்சு" என்றது என் வாய்.

அருள்ஜோதி என்னைப் பார்த்தான். பிறகு, "அண்ணனே வச்சுக்கட்டும் சாமி" என்று உட்கார்ந்துவிட்டான்.

மண்டபத்தில் கைதட்டினார்கள். நான் கைதட்டலைக் கேட்கவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து அடிக்கு வயலுக்குப் பதினேழு குழி. ஒன்பது வயலுக்கு நூற்றைம்பதுக்கு மேல். ஒன்பது மாவில் ஒன்றரை மா.

சாமி குத்தகைத்தாளில் எழுதினார். பாராட்டாக ஒரு சொல் சொல்லவில்லை. என் பெயருக்கு நேராக முப்பத்தைந்து என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார்.

வெளியே வந்தபோது செவ்வந்தி கேட்டாள். "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் இதே மாதிரி எங்க தெருவுக்கு ரோடு போடுறதுக்கும் போட்டி போட மாட்டீங்களா?"

அந்த வருடம் தண்ணீர் நன்றாக வந்தது. என் கையாலேயே மடையைத் திறந்தேன், என் கையாலேயே அடைத்தேன். யாரிடமும் போய் நிற்கவில்லை. தை பிறந்ததும் செல்லதுரை வந்தார், இந்த முறை செயின் வண்டியோடு. ஒன்பது வயலிலும் முளையடித்துக் கயிறு கட்டியிருப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

"என்னண்ணே இது, பந்தல் போடப் போறீங்களா? இந்த வண்டி மூலைக்குள்ள போய்த் திரும்பும்ணே. எதுக்கு விடணும்?"

"திரும்பும், தெரியும். கயித்தைத் தாண்டாதீங்க."

"உங்க நெல்லு, உங்க இஷ்டம்" என்று தலையில் அடித்துக்கொண்டு ஏறினார்.

வண்டி அறுத்துப் போன பின்னாலேயே பெண்கள் இறங்கினார்கள். இம்முறை ஒன்பது பேர். அரிவாள் சத்தம் எனக்கு ஒவ்வொன்றாகக் கேட்டது. மூட்டைகளை எண்ணிப் பார்த்தேன். கோயிலுக்கு அளந்தது போக எனக்கு மிஞ்சுவது கையைக் கடிக்காது, அவ்வளவுதான். அது போகட்டும், தண்ணீர் என்னுடையது.

அப்போதுதான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அருள்ஜோதியின் வயல் முந்தின நாள் அறுத்தது. அவனும் செயின் வண்டி வைத்துத்தான் அறுத்திருந்தான். அதில் மூலை மிஞ்ச வழியே இல்லை. ஆனால் நாலு மூலையிலும் கதிர் நின்றது. அது அவன் சொந்த நிலம். எந்தத் தாளிலும் எதுவும் எழுதவில்லை. சாமிக்குக்கூடத் தெரியாது.

யாரும் இல்லாத நேரம் பார்த்து வாய்க்காலைத் தாண்டிப் போய் டேப்பைப் பிடித்தேன். முப்பத்தாறு.

இன்னொரு மூலைக்குப் போனேன். முப்பத்தாறு. நாலு மூலையும் முப்பத்தாறு.

வேகமாகத் திரும்பி வந்தேன். செல்லதுரை என் சொந்த நாலு மாவின் தலைமாட்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். "இதுக்கும் கயிறு உண்டாண்ணே, இல்லை முழுசா அறுத்துடவா?"

"இருங்க" என்றேன். கையில் முளைக்கட்டையும் கயிறும் இருந்தன. முப்பத்தேழு என்று மனம் சொல்லிவிட்டது. ஆனால் நானே அளந்து கட்டினால், அருள்ஜோதியைப் பார்த்துக் கட்டினேன் என்று ஊருக்கே தெரிந்துவிடும். செவ்வந்தியைக் கூப்பிட்டேன்.

"இந்தா, நீயே அடி. உன் மூலை, நீயே வச்சுக்க."

அவள் முளையை வாங்கிக்கொண்டு வரப்பில் அடி வைத்து நடந்தாள். நானும் கூடவே எண்ணினேன். எட்டு, ஒன்பது, பத்து. நின்றாள். குனிந்து முளையை அடிக்க ஆரம்பித்தாள்.

"ஏன் அங்கேயே நின்னுட்ட? இன்னும் போ."

"போதும்ணே."

"அவன் வயல்ல முப்பத்தாறு அறுக்கப் போறீங்கல்ல?"

"அருள்ஜோதி அண்ணன் விட்டுச்சு, அறுக்கப் போறோம். அவருக்குச் சிங்கப்பூர்ப் பணம் இருக்கு." அவள் நிமிரவில்லை. "உங்களுக்கு இந்த நாலு மாதானே. கோயில் வயல்லயே நிறையப் போயிடுச்சு. மரியபுஷ்பம் அக்கா சொல்லுச்சு."

"என்ன சொன்னா உங்க அக்கா?"

"ஒண்ணும் சொல்லலை. நீங்களும் சாப்பிடணும்ல?"

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. அவன் விட்டதை எடுத்துக்கொள்கிறாள், எனக்கு விட்டுக்கொடுக்கிறாள். அந்த முளையைப் பிடுங்கி முப்பத்தேழில் அடிக்க வேண்டும் என்று தோன்றியது. குனிந்து அதைப் பிடித்தும்விட்டேன்.

"பத்தடி பத்தாதா எங்களுக்கு?" என்றாள் அவள், என் கையைப் பார்த்துக்கொண்டே. "எங்களுக்கு எவ்வளவு வேணும்னு எங்களுக்குத் தெரியாதாண்ணே?"

செல்லதுரை ஹாரன் அடித்தார். ஒருமுறை அடித்தார், மறுபடி அடித்தார்.

நான் முளையிலிருந்து கையை எடுத்தேன். அவள் கல்லை எடுத்து அதன் தலையில் இரண்டு போடு போட்டு இறுக்கினாள். பிறகு கயிற்றை எடுத்துக்கொண்டு அடுத்த மூலைக்கு நடந்தாள், மறுபடி அடி எண்ணிக்கொண்டே.